மூன்றாவது தட்டல்

மூட்டை ஈரமாக இருந்தது. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது. போலீஸ் முகாமிலிருந்து வாரா வாரம் வரும் காக்கி மூட்டை வியர்வை காய்ந்து விறைத்துக் கிடக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பிரிக்க வேண்டும். இன்றைக்கு அது தரையெல்லாம் சொட்டியது. யாரோ ஏற்கெனவே குழாயடியில் போட்டு அவசரமாக அலசியிருக்கிறார்கள். சலவைக்கடைக்கு அனுப்பும் துணியை எதற்கு அலச வேண்டும் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது.

மூட்டையைக் கொண்டுவந்த காவலர் சின்ன வயசுக்காரன். எப்போதும் வாசலில் நின்றே "அக்கா!" என்று குரல் கொடுத்து, மூட்டையை வைத்துவிட்டுப் போய்விடுவான். இன்று பாதி இறங்கியிருந்த ஷட்டருக்குள் குனிந்து நுழைந்து, துணி மடிக்கும் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"காலைல வேணும். இப்பவே போடு."

அந்த 'அக்கா' என்ற சொல் எங்கேயோ காணாமல் போயிருந்தது.

துணியைப் போடுமுன் எல்லாப் பைகளையும் வெளியே இழுத்து உதறுவது அந்தக் கடையில் அவள் வைத்த சட்டம். சீப்பு, சில்லறை, ஒருமுறை பாதி கடித்த பிஸ்கட்கூட, எல்லாம் ஒரு தகர டப்பாவுக்குப் போகும். தம்பி வந்தால் அந்த டப்பாவைத்தான் முதலில் கிளறுவான். "போலீஸ் பிஸ்கட்டும் நமத்துப்போய்த்தான்க்கா இருக்கு" என்று இளிப்பான். இளித்தால் முன்பல்லின் வெள்ளி மூடி பளிச்சிடும். சோடா மூடியைப் பல்லால் திறந்து காட்டிய வீரத்துக்குக் கிடைத்த பரிசு அது. தெருவே அவனை வெள்ளிப்பல் என்றுதான் கூப்பிடும்.

இன்று அவள் பைகளைப் பார்க்கவில்லை. முதுகில் காவலரின் பார்வை குத்திக்கொண்டிருக்க, அப்படியே அள்ளித் திணித்து, மெஷினின் வட்டக் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

ஊர்வலத்துக்குப் போன தம்பி இன்னும் வீடு திரும்பவில்லை. பாலத்தருகே சுட்டார்கள் என்றார்கள். ஓடியவர்களைச் சந்து சந்தாக விரட்டினார்கள் என்றார்கள். அவன் வந்தால் ஷட்டரில் இரண்டு தட்டு தட்டுவான். கொஞ்சம் நிறுத்தி இன்னொன்று. "மூணாவது கேட்டாத்தான் நான். இல்லேன்னா திறக்காதேக்கா" என்று அவனேதான் சொல்லி வைத்திருந்தான்.

இன்று மதியம், ஷட்டரை முழுக்க இழுத்துவிட்டு இருட்டில் குந்தியிருந்தபோது இரண்டு தட்டல் கேட்டது. பாய்ந்து எழுந்து கைப்பிடியைப் பிடித்தாள். மூன்றாவதுக்குக் காத்திருந்தாள். அதற்குள் பூட்ஸ் சத்தம். அப்புறம் அடி. லத்தி எலும்பில் இறங்கும் சத்தமும், தலை தகரத்தில் மோதும் சத்தமும் ஷட்டர் வழியாக அவள் உள்ளங்கைக்குள் வந்து விழுந்தன. விழுந்தவனையும் அடித்தார்கள். குரல் நின்ற பிறகும் அடித்தார்கள். பிறகு எதையோ இழுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது வரவில்லை, அதனால் அது அவனில்லை. அதையே சொல்லிச் சொல்லித்தான் இதுவரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மெஷின் சுழன்றது. நுரை வெள்ளையாக எழும்பி, மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாகி, கண்ணாடியில் கோடு கோடாக வழிந்தது. சோப்பு வாசனைக்கு அடியிலிருந்து பழைய இரும்பின் வாசனை வந்தது. உள்ளே ஏதோ ஒன்று சின்னதாக, கெட்டியாக உருண்டுகொண்டே இருந்தது.

"என்ன சத்தம்?" என்றான்.

"பட்டன் சார். கழண்டிருக்கும்."

அவன் யோசித்தான். பிறகு சிரித்தான். "பட்டன் இல்ல. என் பையில ஒண்ணு வெச்சிருந்தேன், ஞாபகமா. மறந்தே போச்சு. எடுத்துக் குடு."

மெஷினை நிறுத்தினாள். தண்ணீர் வடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். கதவைத் திறந்து, ஓரத்து ரப்பர் மடிப்பில் விரலை விட்டாள். சின்னச் சாமான்கள் அங்கேதான் வந்து மாட்டும். மாட்டியிருந்தது. பார்க்காமலே தெரிந்தது. பார்த்தாள்.

வெள்ளி மூடி போட்ட பல். அதன் வேரில் கொஞ்சம் சதை.

பழக்க தோஷம், முழங்கால் தானாகக் கதவைத் தள்ளிச் சாத்தியது. அவள் அழவில்லை. பல்லை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். அவன்தான் வந்தான். வாசல்வரை வந்தான். நான்தான் திறக்கவில்லை.

"குடு," என்று காவலர் கையை நீட்டினான்.

டக். டக்.

மெஷினுக்குள்ளிருந்து.

அவன் கை அப்படியே நின்றது. "ஆஃப் பண்ணலையா?"

அவள் சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கி, அவன் முன்னால் தூக்கிக் காட்டினாள். பல்பு மட்டும் எரிந்தது. துணியிலிருந்து சொட்டு விழும் ஓசை. இரண்டு பேரின் மூச்சு.

டக்.

மூன்றாவது.

அவன் மேசையிலிருந்து இறங்கினான். அவள் முந்திக்கொண்டாள். ஷட்டரைத் தரைவரை இழுத்தாள். பூட்டினாள். சாவியைச் சாக்கடைக் குழிக்குள் போட்டுவிட்டு, மெஷின் கதவில் கை வைத்தாள்.

"அக்கா," என்றான் காவலர். இன்றைக்கு முதல் தடவையாக. "அக்கா, திறக்காதீங்க."

லத்தி அவள் தோளில் விழுந்தது. மறுபடி விழுந்தது. தோள் எலும்பு முறிவது அவளுக்கே கேட்டது. அவள் திரும்பவில்லை. கண்ணாடியின் உள்பக்கம் காக்கிச் சட்டைக் கைகள் ஒவ்வொன்றாக விலகின. பின்னாலிருந்து ஐந்து விரல்கள் வந்து பதிந்தன.

"வந்துட்டேன்டா," என்றாள்.

திறந்தாள்.

முதலில் தண்ணீர் வந்தது. சிவப்பாக, வெதுவெதுப்பாக, அவள் பாதங்களைச் சுற்றிக்கொண்டு பூட்ஸை நோக்கி ஓடியது. லத்தி கீழே விழுந்து உருண்டது. துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு முகம் மெல்ல நிமிர்ந்து, அவளைத் தாண்டி, அவள் முதுகுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்து இளித்தது. முன்பல் இருந்த இடத்தில் ஓட்டை.