‘வே’ என்று எழுதிய பெட்டி

கைப்பிடி உடைந்த டீ கப்பைக் காணோமென்று யாராவது துப்புத் துலக்க ஆள் கூப்பிடுவார்களா? நசீம் பானு கூப்பிட்டாள். விருத்தாசலம் ஜங்ஷனில் முப்பது வருஷம் பார்சல் குமாஸ்தாவாக இருந்து, காணாமல் போன மூட்டைகளைக் கண்டுபிடித்தே பேர் வாங்கிய கொளஞ்சிநாதனின் வாசலில் போய் நின்றாள்.

"நாளைக்குக் காலையில ரயிலுண்ணே. தாம்பரத்துல பையன் வூடு சின்னது. ரெண்டு பெட்டிக்கு மேல கொண்டாராதீங்கன்னுட்டான். எல்லாத்தையும் குடுத்துட்டேன். அவங்க டீ குடிச்ச கப் அது ஒண்ணுதான் வச்சிருந்தேன். அதைக் காணோம்."

அவங்க என்றால் உமர் பாரூக். இருபத்திரண்டு வருஷம் சவூதியில் இருந்துவிட்டு ஊருக்கு வந்து, நாலே வருஷம் அவளோடு உட்கார்ந்து டீ குடித்தவர். அவர் இறந்து ஆறு வருஷமாகிறது.

கொளஞ்சிநாதனின் சிநேகிதர் மாயவன் ஆட்டோ ஓட்டுகிறவர். வெறும் வாயையே மெல்லுகிறவர், அவல் கிடைத்தால் விடுவாரா? "பழைய பேப்பர்காரன் உஸ்மான் வேலைதான் சார்!" என்று வழியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வீடு காலியாக இருந்தது. பேசினால் சுவர் திருப்பிப் பேசியது. வாசல் ஓரத்தில் கொடுத்தது போக மிச்சமாக ஒரு பித்தளைச் சொம்பு, சில அட்டைப்பெட்டிகள், பெட்டி ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ‘கு’.

"குடுக்கணும்னு அர்த்தம். கப் வச்ச சின்னப் பெட்டியில மட்டும் ‘வே’ன்னு எழுதினேன், வேணும்னு" என்றாள்.

கொளஞ்சிநாதன் மேஜையைப் பார்த்தார். விரித்திருந்த நேற்றைய பேப்பரில், எதிரெதிரே இரண்டு டீ வட்டங்கள்.

"நேத்து யாராவது வந்தாங்களா?"

"யாரு வர்றா?" அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவர் மேலே கேட்கவில்லை. உஸ்மானையும், வீட்டு வேலைக்கு வரும் வீரம்மாளையும் கூப்பிட்டனுப்பினார். நாற்காலிகளைக் கொடுத்தாயிற்று, எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். வீரம்மாளின் விரல் இடுக்குகளில் வெள்ளைக் களிமண் காய்ந்திருந்தது.

"உஸ்மான் எடுக்கல. பித்தளைச் சொம்பை விட்டுட்டு ஒடஞ்ச கப்பை எந்த வியாபாரி தொடுவாரு? ஏம்மா வீரம்மா, காலையில பீங்கான் யூனிட்ல என்ன வேலை?"

"சூளையில இருந்து வர்ற சாமானைப் பிரிக்கிறதுங்க."

"ஒடஞ்சதை?"

"ஓரமா தட்டுல வச்சு ‘வே’ன்னு எழுதுவோங்க. வேணாம்னு..." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அம்மா! தெறந்து பார்த்தேன், கைப்பிடி இல்ல, மேல ‘வே’ன்னு வேற இருந்துது. நேத்து வூட்டுக்குப் போறப்ப எடுத்துட்டுப் போயி, காலையில வேலைக்குப் போறப்பவே யூனிட்டு பின்னால கழிவு மேட்டுல கொட்டிட்டேனே!"

வேணும் என்றாலும் ‘வே’, வேணாம் என்றாலும் ‘வே’. நசீம் பானுவுக்குக் கோபம்கூட வரவில்லை. இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்ததைத் தன் கையெழுத்தே தூக்கிப் போட்டுவிட்டதே என்றபடி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

மாயவனின் ஆட்டோவில் போய்ப் பார்த்தால், மேட்டில் கைப்பிடி இல்லாத கப்புகள் நூறாவது இருக்கும், எல்லாம் அவள் கப்பைப் போலவே ஒரே அச்சில் வார்த்தவை. மாயவன் சோர்ந்துபோனார். "இதுல எப்படி சார்?"

"கழிவுக் கப்புல யாரும் டீ குடிச்சதில்லப்பா. உள்ளே கறை படிஞ்சது ஒண்ணுதான் இருக்கும்."

கால் மணி நேரத்தில் வீரம்மாளே எடுத்துவிட்டாள். மாயவன் வாங்கிப் பார்த்தார். "பாய் போயி ஆறு வருஷமாச்சு, கறை புதுசா இருக்குதே?"

கொளஞ்சிநாதன் நசீம் பானுவின் முகத்தைப் பார்க்காமல் மெல்லச் சொன்னார். "பேப்பர்ல ரெண்டு வட்டம் இருந்துதில்ல? ஒரு டீயைக் குடிச்சிருக்காங்க. இன்னொண்ணு பாய் கப்புல, அவருக்குன்னு ஊத்தி வச்சபடியே ஆறியிருக்கு. ஆறுன டீதான் கறை புடிக்கும்."

மாயவன் கப்பை இரண்டு கையாலும் ஏந்தி அவளிடம் கொடுத்தார். தானாக யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டதை ஒருவர் கண்டுபிடித்துவிட்டதில், நசீம் பானுவுக்கு அழுகையும் வந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

கொளஞ்சிநாதன் புதுப் பெட்டியில் கப்பை வைத்துக் கட்டி, மேலே பார்சல் ஆபீஸ் எழுத்தில், ஓர் எழுத்தும் விடாமல் ‘வேணும்’ என்று எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் ரயில் கிளம்பியதும் மகன் அசீம் போன் செய்தான். "ரெண்டு பெட்டிதானேம்மா?"

"மூணுடா" என்றாள், மடியில் இருந்ததை இறுக்கிக்கொண்டு. "மூணாவதுல உங்க அத்தா வர்றாங்க."