மூன்றாவது தட்டு

பேகம்பூர் பழைய இரும்புக்கடை தப்ரேஸ் லாரியில் கொண்டுவந்து இறக்கிய விமானத்தைப் பார்த்ததும் வினிதாவுக்குச் சிரிப்புதான் வந்தது. சண்டை விமானம் என்றால் ஊரையே மறைக்கும் என்று நினைத்திருந்தாள். இறக்கைகளைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் இது மினி பஸ்ஸைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். பெயர் நாட் என்றார்கள். அறுபத்தைந்திலும் எழுபத்தொன்றிலும் நடந்த சண்டைகளில் பறந்த ரகம். எங்கோ வடக்கே ஏலத்தில் எடுத்த பழைய இரும்போடு இரும்பாக வந்தது.

"மேல இருக்க கண்ணாடி மூடி மட்டும் தெறக்கவே மாட்டேங்குதுண்ணே" என்றார் தப்ரேஸ். "எங்க கடைப் பயலுக கடப்பாரை போட்டே பாத்துட்டாங்கெ. அசையல. நீங்க அச்சு எடுத்துக்கிட்டு அப்புடியே திருப்பிக் குடுத்துருங்க."

"தெறந்து நாம என்னங்க பாய் பண்றது? நமக்கு மேல்தோலு போதுமுங்க" என்றார் வேலுசாமி.

பழனி ரோட்டில் தென்னந்தோப்பை ஒட்டி இருந்த தகரக் கொட்டகைக்கு வேலுசாமிதான் முதலாளி. ஆள் தொப்பம்பட்டிக்காரர். கல்யாண மண்டபத்துக்கு யானை, பூங்காவுக்கு டைனோசர், ஜவுளிக்கடை வாசலுக்குக் கைகூப்பும் பொம்மை என எல்லாமே ஃபைபரில் செய்து தருவார். அவர் செய்த டைனோசர்களுக்கு மட்டும் கொஞ்சம் பசுமாட்டுச் சாடை இருக்கும். அதைச் சொன்னால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இப்போது கீரனூர்ப் பக்கம் ஒரு காலேஜ், வாசலில் தூண் எழுப்பி அதன் உச்சியில் நிறுத்த அசல் அளவில் ஒரு சண்டை விமானம் கேட்டிருந்தது. யானை செய்த கைக்கு இது பெரிய கௌரவம்.

வினிதாவும் அவள் புருஷன் சந்தோஷ்குமாரும் அங்கே வேலை பார்த்தார்கள். அச்சு எடுக்கும் முன்பு விமானத்தின் மேல் மெழுகு தேய்க்க வேண்டும். ஏணியில் ஏறித் தேய்த்துக்கொண்டே வந்தவள் கண்ணாடி மூடியருகே நின்றுவிட்டாள். மஞ்சள் பாய்ந்த கண்ணாடியில் கோடு கோடாகக் கீறல்கள். துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

கீறல்கள் உள்பக்கம் இருந்தன.

"எலி கிலி இருந்திருக்கும் புள்ள" என்றான் சந்தோஷ்குமார். எலிக்கு அவ்வளவு அகலமான கை இருக்குமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பிற்பாடு எத்தனையோ தரம் நினைத்து அழுதாள்.

வேலுசாமிக்கு அச்சைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. "அச்சு பொய் சொல்லாது அம்மணி. ஒரு முடி ஒட்டியிருந்தாலும் வார்ப்புல வந்துரும். இதுல என்ன இருக்குதோ அத்தனையும் வரும். ஒண்ணு எடுத்தாலும் ஒம்பது எடுத்தாலும் அதேதான்."

அச்சிலிருந்து இடப்பாதி, வலப்பாதி என்று இரண்டு கூடுகள் வந்தன. இரண்டையும் சேர்த்து நிறுத்தி, சேரும் இடத்தில் உள்ளேயிருந்து கண்ணாடி இழைப் பாயை ஒட்டி ரெசின் பசை பூச வேண்டும். அசல் விமானத்தில் நெருப்பு கக்கும் வால் ஓட்டை வழியாக ஒல்லியான ஆள் ஒருவர்தான் உள்ளே தவழ முடியும். அது சந்தோஷ்குமாரின் வேலை. வேலை முடிந்ததும் அந்த ஓட்டையையும் வட்ட மூடி வைத்து ஒட்டிவிடுவார்கள்.

இந்தத் தொழிலில் சம்பளத்தோடு சேர்த்துக் கிடைப்பது அரிப்பு. இழைத் தூசி தோலில் ஏறிவிட்டால் ராத்திரி வரை விடாது. சந்தோஷ்குமார் இடது மணிக்கட்டைச் சொறிந்து சொறிந்து எப்போதும் சிவக்க வைத்திருப்பான். பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு முகப்பவுடரை உடம்பெல்லாம் அப்பிக்கொண்டு வருவான். "கல்யாண மாப்பிள்ளை வாராரு" என்று அவள் கேலி செய்வாள்.

உள்ளே அவன் இருக்கும்போது வெளியே அவள் இருப்பாள். பழைய தடித்த அஞ்சு ரூபாய்க் காசால் கூட்டைத் தட்டிக்கொண்டே போவாள். ரெசின் நன்றாகப் பிடித்த இடம் கணீரென்று கேட்கும். காற்று அடைத்த இடம் பொத்தென்று கேட்கும். அங்கே நிறுத்தி இரண்டு தட்டு தட்டுவாள். இடம் புரிந்தது என்று உள்ளேயிருந்து அவனும் இரண்டு தட்டு தட்டுவான். பிறகு சற்று விட்டு, மெதுவாக, மூன்றாவதாக ஒன்று. அந்த மூன்றாவது தட்டுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை. அது அவளுக்கு. சின்னாளபட்டியில் தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். ஒரு தட்டு பிசகினாலும் அவள் காது பிடித்துவிடும்.

கடைசி இணைப்பு ஒட்டிய அன்று வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. தகரம் கொதித்தது. தோப்பில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

தூண் பொருந்தும் இடத்தில் அவள் இரண்டு தட்டு தட்டினாள்.

உள்ளேயிருந்து இரண்டு.

அவள் காத்திருந்தாள்.

மூன்றாவது வரவில்லை.

"மாமா, செத்த நேரம் வெளிய வந்து மூச்சு வாங்கிட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள். வால் ஓட்டைக்கு ஓடினாள். அதற்குள் கால் தெரிந்தது. பிறகு இடுப்பு, தோள். உடம்பெல்லாம் வெள்ளைத் தூசியாக வந்து நின்றான்.

"என்ன சந்தோஷ், அதுக்குள்ள முடிச்சுட்டியா? போய்ச் சாப்புடு" என்றார் வேலுசாமி. கையோடு வட்ட மூடியை வைத்து ஒட்டியும்விட்டார்.

வினிதாவுக்குப் போன உயிர் வந்தது. தூக்குவாளியைத் திறந்து சோறு போட்டு, கத்திரிக்காய் வெஞ்சனத்தை எடுத்து வைத்தாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டான். வானத்தைப் பார்த்தான். மறுபடி சாப்பிட்டான். இடது மணிக்கட்டு தூசி படிந்து சும்மா கிடந்தது.

"என்ன மாமா, அரிக்கலையா?"

அவன் தன் கையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"இல்ல" என்றான்.

அப்போது கொட்டகைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. வறண்ட தோலை நகத்தால் பரபரவென்று சொறியும் சத்தம். அது நின்றது. பிறகு இரண்டு தட்டு.

சற்று விட்டு, மெதுவாக, ஒன்று.

அவள் கையிலிருந்து கரண்டி விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவன் குனிந்து அதை எடுத்துத் தண்ணீரில் அலசி அவளிடம் நீட்டினான்.

"ரெசின் கெட்டியாவுறப்ப சூட்டுக்குச் சத்தம் வரத்தான் செய்யும் அம்மணி" என்றார் வேலுசாமி. "புதுசா கேக்கறியா என்ன?"

அவள் புதிதாகக் கேட்கவில்லை. கட்டிய நாள் முதல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்று இரவு அவன் படுக்கவில்லை. சுவரோரம் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு தூங்கினான். அதே முகம், அதே குரல், காதோரம் அதே மச்சம். யாரிடம் போய் என்னவென்று சொல்வது? என் புருஷன் சொறியமாட்டேன் என்கிறான் என்று சொன்னால் ஊர் சிரிக்காதா?

மறுநாள் விமானத்தை ஏற்ற கிரேன் வருவதாக இருந்தது. வேலுசாமி ரோட்டில் நின்று டிரைவருக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். வினிதா வெட்டு மிஷினை எடுத்தாள். கை நுழையும் அளவுக்குக் கூட்டின் விலாவில் ஒரு துண்டை அறுத்தெடுத்தாள். அவசரத்தில் கோடு கோணலாகப் போனது. ஓட்டைக்குள் தோள்வரை கையை விட்டாள்.

உள்ளே அனலாக இருந்தது.

"மாமா…"

சூடான, சொரசொரப்பான விரல்கள் அவள் உள்ளங்கையைத் தொட்டன. இரண்டு தட்டு. பிறகு ஒன்று. அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் வீறிட்டாள். வேலுசாமி ஓடி வந்து அவளை இழுத்துப் போட்டார். செல்போன் டார்ச்சை ஓட்டைக்குள் நீட்டி முன்னும் பின்னும் பார்த்தார்.

"ஈ காக்கா இல்ல. என்ன வேலை பண்ணி வெச்சிருக்கற நீயி? கிரேன் தோப்புக்கிட்ட வந்தாச்சு!"

"அவரு உள்ளதான் இருக்காருண்ணே… கையப் பிடிச்சேன்… சத்தியமா பிடிச்சேன்."

"உம்பட புருசன் உனக்குப் பின்னாடி நிக்கறான் பாரு."

நின்றான். கையில் ரெசின் டப்பாவோடு நின்றான். அவளை மெல்ல நகர்த்திவிட்டு, அறுத்த துண்டை இருந்த இடத்தில் பொருத்தி, இழைப் பாயை வைத்து, பிரஷால் நீவி நீவி அடைத்தான். அவ்வளவு நறுவிசாக சந்தோஷ்குமார் ஒருநாளும் ஒட்டியதில்லை. முடித்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். நேற்றிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான்.

அடைத்த இடத்துக்குப் பெயின்ட் அடித்து, விமானத்தைக் கொண்டுபோய்த் தூண் உச்சியில் நிறுத்திவிட்டார்கள். பெரிய மனிதர்கள் வந்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள், மாணவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். கூட்டம் கலைந்ததும் வினிதா இரும்புத் தூணில் காசால் இரண்டு தட்டு தட்டிக் காதை வைத்தாள். உயரத்திலிருந்து இரும்பு வழியாகப் பதில் இறங்கி வந்தது. கடைசித் தட்டு ரொம்பச் சோர்ந்து கேட்டது. அண்ணாந்து பார்த்து அழுவதைத் தவிர அவளால் என்ன செய்ய முடியும்? வாட்ச்மேன் வந்து, "யாரும்மா நீ, தள்ளிப் போ" என்றார்.

வாரம் தவறாமல் பஸ் ஏறிப் போனாள். தட்டுவாள், கேட்பாள், திரும்பி வருவாள். வீட்டில் இருந்தவன் எங்கே போனாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கரூர்ப் பக்கமிருந்து இன்னொரு பள்ளிக்கூடம் அதே விமானத்தைக் கேட்டது. வேலுசாமி பழைய அச்சைத் தூசி தட்டி எடுத்தார். இரண்டு பாதிகளும் வந்து, சேர்த்து நிறுத்தியாயிற்று. உள்ளே யாரும் இன்னும் போகவில்லை. அவள் கை பழக்கத்தில் காசை எடுத்துப் புதுக் கூட்டில் இரண்டு தட்டு தட்டியது.

இரண்டு பதில் வந்தது.

மெதுவாக, மூன்றாவதும் வந்தது.

அவள் கூட்டின் மேல் காதை வைத்தாள். அச்சு ஒன்றுதான். அச்சில் இருப்பது ஒன்று எடுத்தாலும் வரும், ஒன்பது எடுத்தாலும் வரும். அங்கே எட்டாத உயரத்தில் இருப்பவர் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்.

"உள்ள போவ எனக்கு ஆவாது" என்றான் அவள் பக்கத்தில் நின்றவன். "நீ போ."

"ஆமா அம்மணி, நீயும் ஒல்லிதான். செத்த நேர வேலை" என்றார் வேலுசாமி.

போகாதே என்று மனசு அடித்துக்கொண்டது. காசை வாயில் கவ்விக்கொண்டு வால் ஓட்டைக்குள் தவழ்ந்தாள்.

உள்ளே இருட்டும் ரெசின் நெடியும் மூச்சை அடைத்தன. அந்த நெடியையும் மீறி முகப்பவுடர் வாசனை வந்தது. விமானத்தின் மூக்குப் பக்கம், எட்டிவிடும் தூரத்தில், பரபரவென்று சொறியும் சத்தம். அவள் சிரித்தாள், அழுதாள்.

"மாமா, வந்துட்டேன். வாங்க, வெளிய போயிரலாம்."

"ஏ புள்ள" என்றது அந்தக் குரல். கிசுகிசுப்பாக, பதறிப்போய். "நீ எதுக்குடி வந்த?"

அவள் திரும்பி வால் ஓட்டையைப் பார்த்தாள். வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெண் உருவம் அதன் வழியே வெளியே இறங்கிக்கொண்டிருந்தது. பச்சைச் சட்டை, ஒற்றைச் சடை. காலையில் அவளே பின்னிய சடை.

"என்ன அம்மணி, அதுக்குள்ள முடிச்சுட்டியா?" வெளியே வேலுசாமியின் குரல் கேட்டது. "போய்ச் சாப்புடு."

வட்ட மூடி ஓட்டையில் வந்து பொருந்தியது.

வினிதா காசால் தட்டினாள். கையால் அறைந்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். வெளியே தூக்குவாளி திறக்கும் சத்தம் கேட்டது. வேலுசாமி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"சூட்டுக்குக் கெட்டியாவுதுங்க. செத்த நேரம் அப்படித்தான் சத்தம் போடும்."

இருட்டில் அவள் இடது மணிக்கட்டு மெல்ல அரிக்க ஆரம்பித்தது.