நான்காம் மாடிக் கதவு

"கண்ண எங்க வெச்சிக்கிட்டு இறங்குறீங்க?"

"நீங்க எங்க வெச்சிக்கிட்டு ஏறுனீங்களோ, அங்கதான்!"

வெளியே மழை கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே, படி திரும்புகிற இடத்தில் இரண்டு பேரும் முட்டிக்கொண்ட வேகத்தில் அவள் கையிலிருந்த சாப்பாட்டுப் பை எகிறிப் போய்ச் சுவரோரம் விழுந்தது. நல்லவேளை, டப்பா திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கு அவன் பாடு திண்டாட்டம்தான்.

திட்டுவதற்கு இன்னும் நாலு வார்த்தை அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் பையை எடுத்துக்கொண்டு அவன் நிமிர்ந்தபோது... அந்தக் கண்கள்! மழைக்கால மத்தியானத்து வெளிச்சத்தில், தூங்காமல் வந்தவன் கண்கள் போலச் சிவந்து, ஆனாலும் சிரிப்பை ஒளித்து வைத்துக்கொண்டு... அந்த நாலு வார்த்தையும் எங்கே போயிற்றோ, வரவேயில்லை.

'ஏய், வேலை நேரத்துல என்ன வேடிக்கை?' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"பையக் குடுங்க. சாப்பாடு ஆறிடும்."

"யாருக்கு இது?"

"மேல கடைசி வீடு. டிரைவர் சாருக்கு."

அவன் கண்ணிலிருந்த சிரிப்பு சட்டென்று காணாமல் போனது.

"அது எங்க வீடு. அவரு எங்க அப்பா."

இரண்டு தெரு தள்ளி, சலவைக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருக்கிறது துணை மையம். நீளமாக ஒரே அறை. சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஒரு பை. தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவதும், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதும், ஆஸ்பத்திரிக்குத் துணை போவதும் அங்கே நடக்கிற வேலைகள். சாப்பாட்டு வேலை அவளுடையது. அந்த வட்டாரத்துப் பெரியவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'டக்டக்'. கதவை அப்படித்தான் தட்டுவாள்.

அந்த வேலைக்கு ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. பையை வாசலில் வைத்துவிட்டு வரக் கூடாது. தட்டிவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். எழுந்திருக்கிற சத்தம், காலை இழுத்து நடக்கிற சத்தம், நேற்றைவிட மெதுவாக வருகிறாரா, சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறாரா... பிறகு முகத்தைப் பார்க்க வேண்டும். சாப்பாடு அப்புறம்தான்.

பையைக் கொடுத்துவிட்டு அவளோடு திரும்பி ஏறி வந்தவன், கதவருகே சாவியை எடுத்தான். அவள் குறுக்கே கையை நீட்டினாள்.

"நீங்க திறக்கக் கூடாது. அவருதான் வந்து திறக்கணும்."

"என் வீட்டுக் கதவ நான் திறக்கக் கூடாதா? நல்லா இருக்கே கதை!"

டக்... டக். உள்ளே கைத்தடியின் சத்தம் மெல்ல மெல்ல வந்தது. கதவு திறந்தது. காலமெல்லாம் பஸ் ஓட்டி முழங்கால் தேய்ந்துபோன அந்த மனிதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாம்மா டக்டக்! ஏன்டா, மாத்திரை வாங்கப் போனவன் இங்க ஏன் நிக்கற? உனக்கும் சாப்பாடு தர்றாங்களா?"

மகன் முகத்தில் ஈயாடவில்லை. அப்பா உள்ளே போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் பிடித்துக்கொண்டான்.

"எங்க அப்பா என்ன அனாதையா? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். இலவசச் சாப்பாட்டுல அவரு உயிர் வாழணும்னு தலையெழுத்தா? நாளையிலேருந்து வராதீங்க. நான் இங்கயே வந்து தங்கப் போறேன்."

"நல்லது. பகல்ல வேலைக்குப் போவீங்கல்ல? அப்ப?"

"அது எங்க கவலை."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்ட் படுத்துப் பல மாதமாகிறது. "நல்லா இருக்குங்க. ஊரையெல்லாம் ஏத்தி இறக்குறீங்க... உங்க அப்பா கீழ இறங்கி வெயிலப் பாத்து எத்தனை நாளாச்சுன்னு தெரியுமா?"

அவன் பார்வை சாத்திக் கிடந்த லிஃப்ட் பக்கம் போனது. ஆனால் வீம்பு விடுமா? எதிர்வீட்டம்மாவிடம் அவசரத்துக்கென்று மையம் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவியைக் கதவைத் தட்டிக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"நம்ம வீட்டுச் சாவி அடுத்தவங்க கையில எதுக்கு?"

"சார், அது மட்டும் அங்கயே இருக்கட்டும்..."

"வேண்டாம்னா வேண்டாம்."

அவளும் சளைத்தவளில்லை. "சாப்பாட்ட நிறுத்துங்க, உங்க இஷ்டம். கதவு தட்டறத மட்டும் அவர் சொன்னாத்தான் நிறுத்துவேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நீ தட்டும்மா!"

மறுநாள் மத்தியானம், கையில் பையில்லாமல், அவள் நான்காம் மாடி ஏறினாள். அதற்கடுத்த நாளும் ஏறினாள். துணை மையத்தை நடத்துகிற அக்கா, "சாப்பாடு வேண்டாம்னவங்க வீட்டுக்கு எதுக்குடி தினம்?" என்று கேட்டாள். "முகம் பாக்கத்தான் அக்கா" என்றாள். "யாரு முகம்?" என்று அக்கா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பைகளை அடுக்கப் போய்விட்டாள்.

காலை ஷிஃப்ட் முடிந்த நாட்களில் அவன் வீட்டில் இருப்பான். தட்டியதும் அவன்தான் கதவைத் திறப்பான்.

"நீங்க வேண்டாம். டிரைவர் சார வரச் சொல்லுங்க."

"ஏன், என் முகம் நல்லா இல்லையா?"

"அதப் பாக்கறதுக்கு எனக்கு உத்தரவில்ல."

"டேய், நகருடா! எனக்கு வந்த விசிட்டர்" என்று அப்பா கைத்தடியால் மகனை ஓரம் தள்ளிவிட்டு வந்து நிற்பார். பார்ப்பாள், நாலு வார்த்தை பேசுவாள், இறங்குவாள். அவ்வளவுதான். ஆனால் இரண்டாம் மாடி ஜன்னல் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொள்கிற பழக்கம் எப்போது வந்தது? அவளுக்கே தெரியவில்லை.

ஒருநாள் அடைமழை. தொப்பலாக நனைந்து வந்து நின்றவளிடம் அவன் ஒரு துண்டை நீட்டினான். அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். கதவருகே நின்றபடியே எட்டிப் பார்த்து, மூச்சு ஏறி இறங்குவதைக் கவனித்துவிட்டுத்தான் துண்டை வாங்கினாள்.

"ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்காதீங்க... இந்த மழையில, சம்பந்தமில்லாத ஒருத்தருக்காக எதுக்கு இவ்வளவு பிடிவாதம்?"

அவள் தலையைத் துவட்டுவதை நிறுத்தினாள்.

"எங்க பெரியப்பா தனியாத்தான் இருந்தாரு. எங்க குடும்பத்துல ஆளுக்குக் குறைச்சலே இல்லைங்க. அப்பா பேசியிருப்பாருன்னு அத்தை நினைச்சாங்க. அத்தை போயிருப்பாங்கன்னு அண்ணன் நினைச்சான். அண்ணன் பாத்திருப்பான்னு நான் நினைச்சேன்... கதவத் திறந்து பாக்கறப்போ எல்லாம் முடிஞ்சு நாலு நாளாகியிருந்துச்சு. அன்னிக்கு முடிவு பண்ணினேன். அடுத்தவங்க பாத்திருப்பாங்கன்னு நான் இனிமே நினைக்க மாட்டேன்."

அவன் ஏதோ கேட்க வாயெடுத்தான்... மூடிக்கொண்டான். சாவியைத் திருப்பிக் கொடுப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்கள் அவள் இறங்கிப்போகிற வரைக்கும் முதுகிலேயே இருந்தது அவளுக்குத் தெரிந்தது.

மழை விட்டு, வெயில் பளிச்சென்று அடித்த ஒரு நாள். கீழே லிஃப்ட் வாசலில் 'பழுது' என்ற பலகை வழக்கம்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் வழக்கம்போலப் படியேறினாள்.

டக்... டக்.

சத்தமில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினாள். காதைக் கதவில் வைத்தாள். கைத்தடியும் இல்லை, காலடியும் இல்லை. போனை எடுத்து டிரைவர் சாரைக் கூப்பிட்டாள்... கதவுக்கு உள்ளே மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

மகனைக் கூப்பிட்டாள். அவனும் எடுக்கவில்லை. எதிர்வீட்டம்மாவிடம் சாவியும் இல்லை. அக்காவைக் கூப்பிட்டாள்.

"உடைச்சிடு. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா.

கீழே ஓடி, தெருமுனைத் தச்சரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் கடப்பாரையை வைத்துக்கொண்டு தயங்கினார்.

"வீட்டுக்காரங்க கேட்டா என்னம்மா சொல்றது?"

"என்னைக் கை காட்டுங்க. சீக்கிரம் உடைங்கண்ணா!"

பூட்டு தெறித்தது. ஓடினாள். கட்டிலில் இல்லை. சமையலறையில் இல்லை. குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது. நாற்காலியின் மேல் போன். ஆள் இல்லை! என்ன ஆயிற்று, யார் தூக்கிப்போனார்கள், ஆஸ்பத்திரியா... அப்படியே தரையில் உட்கார்ந்தவளுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. தச்சர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் கடப்பாரையோடு வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்தார்.

அப்போது வெளியே கடகடவென்று ஒரு சத்தம். லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம்.

"யோவ்! யாருய்யா என் வீட்டக் கொள்ளையடிக்கறது?"

டிரைவர் சார்! முழுசாக, முகமெல்லாம் வெயில் பட்ட சிவப்போடு, கைத்தடியை ஓங்கிக்கொண்டு நின்றார். பின்னால் மகன். தச்சர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, சொன்னபடியே அவளைக் கை காட்டினார்.

"எங்க போனீங்க?" அவள் எழுந்து கத்தினாள். பெரியவர், சின்னவர் என்ற வித்தியாசமெல்லாம் பறந்துவிட்டது. "போன வெச்சிட்டு எங்க போனீங்க? உயிரே போயிடுச்சு எனக்கு!" மகன் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது போன எடுக்கக் கூடாதா?"

"போன்... மொட்டை மாடியில, மோட்டார் ரூம்ல கருவிப் பையோட விட்டுட்டேன்." அவன் திருதிருவென்று விழித்தான். "லீவு போட்டு லிஃப்டச் சரி பண்ணினேன். இன்னிக்குக் காலையிலதான் ஓடிச்சு. அப்பாவ எதிர்ப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனேன். நீங்க வர்ற நேரத்துக்குக் கீழ வாசல்ல நிக்கணும், உங்கள அசத்தணும்னு ரெண்டு பேரும் திட்டம் போட்டிருந்தோம்... அதுக்குள்ள மேல கதவ உடைக்கற சத்தம்!"

"அந்தப் பலகைய எடுக்கணும்னு தோணலையா? மெக்கானிக்காம் மெக்கானிக்கு!"

"மறந்துட்டேன். ஆனா... நீங்க எப்பவும் வர்ற நேரம் இன்னும் ஆகலையே. இன்னிக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தீங்க?"

அவள் முகம் குப்பென்று சூடாயிற்று. பதில் அவளுக்குத் தெரியும், அதனால்தான் சொல்ல முடியவில்லை.

"தச்சரே, உள்ள வாங்க. தொண்டை காயுது, தண்ணி குடிக்கலாம். அவசரமே இல்ல" என்று டிரைவர் சார் அவரைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

நான்காம் மாடி நடையில் அவர்கள் இருவர் மட்டும். உடைந்த பூட்டு காலடியில் கிடந்தது. அவன் சிரிப்பான், இல்லை, திட்டுவான் என்று நினைத்தாள். அவன் இரண்டும் செய்யவில்லை.

"தப்பு என்னோடது. வீம்புக்குச் சாவிய வாங்கி வெச்சிக்கிட்டேன். அன்னிக்கு மழையில நீங்க பெரியப்பா கதையச் சொன்னப்பவே குடுத்திருக்கணும். குடுத்தா நான் கெட்ட மகன்னு ஒத்துக்கற மாதிரி இருந்துச்சு... இன்னிக்கு நிஜமாவே அவரு உள்ள விழுந்து கிடந்திருந்தா?" அவன் குனிந்து உடைந்த பூட்டை எடுத்தான். "நாளையிலேருந்து சாப்பாடும் கொண்டு வாங்க. தினம் தட்டுங்க. எனக்கு இதுல வெக்கமில்ல."

"கொண்டு வர்றேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நகரப் பார்த்தாள். "அடுத்த வீட்டுக்குப் போகணும்..."

"ஒரு நிமிஷம். எங்க அப்பா கதவு திறக்கலன்னா நீங்க இருக்கீங்க. உங்க கதவு ஒருநாள் திறக்கலன்னா... யாரு இருக்கா?"

அவள் நின்றுவிட்டாள். தையல் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. அம்மா அப்பா தூரத்து ஊரில். ஊரில் உள்ள அத்தனை கதவையும் தட்டுகிறவளிடம் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"நான் இருக்கணும்னு ஆசைப்படறேன்" என்றான் அவன். "பரிதாபத்துல சொல்லல. அன்னிக்குப் படியில திட்டினீங்க பாருங்க, அப்பவே விழுந்துட்டேன். உங்களப் பிடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கறேன்."

"கல்யாணம் ஆனாலும் நான் இந்த வேலைய விட மாட்டேன்."

"விட்டா நான்தான் விட மாட்டேன்."

அவள் அவனை நேராகப் பார்த்தாள். எதிலும் பின்வாங்கிப் பழக்கமில்லாதவள் இதில் மட்டும் ஏன் பின்வாங்க வேண்டும்?

"நான் எந்த வீட்டுக் கதவா இருந்தாலும் உடைச்சிருப்பேன். அது என் வேலை. பெருமைப்பட்டுக்காதீங்க... ஆனா எந்த வீட்டுலயும் இப்படி உக்காந்து அழுததில்ல. கதவ உடைக்கறப்போ மனசுல ஒண்ணே ஒண்ணுதான் ஓடிச்சு. உள்ள ஏதாவது ஆகியிருந்தா, வேலை முடிஞ்சு ஓடி வருவீங்களே... உங்ககிட்ட அத நான் எப்படிச் சொல்வேன்? உங்க முகத்த எப்படிப் பாப்பேன்? அந்த ஒரு நினைப்புத்தான்..."

அவன் கண்கள் நிறைந்து வழிந்தன. துடைத்துக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"சீக்கிரம் வந்ததும் உங்களப் பாக்கத்தான்" என்றாள் அவள். "போதுமா?"