உடையாத தட்டு

லூதர் மங்கினின் பின்மண்டையில் மண்வெட்டி செருகிக்கொண்டு நின்றது.

குப்புறக் கிடந்தார். ரத்தம் கழுத்து வழியாக இறங்கி, விசாரணைக்காகப் போட்டிருந்த புது வெள்ளைச் சட்டையை நனைத்து, கீழே இருந்த கல்லறை மண்ணுக்குள் போய்க் கொண்டிருந்தது.

அவருடைய சொந்தத் தாத்தாவின் கல்லறை!

ஷெரீஃப் அலுவலகத்தின் லெப்டினன்ட் ஒடெஸா க்ரோவ்னர் கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்தாள். பின்னால் நின்ற உதவியாளன் க்வின்டன், வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை அவசரமாய்ப் பாக்கெட்டுக்குள் தள்ளினான்.

"சாப்பிடு க்வின்டன். செத்தவர் கோவிச்சுக்க மாட்டார்."

"பசியே போயிடுச்சு மேடம்... ஒரே வெட்டு. பின்னாலேர்ந்து."

"வெட்டினவன் தெரிஞ்ச ஆளு. நம்பி முதுகைக் காட்டியிருக்கார்."

லூதரின் வலது கை இறுக மூடியிருந்தது. ஒடெஸா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

உள்ளே ஒரு பீங்கான் சில்லு. ஓரத்தில் நீலப் பூ.

"சாகறப்பக்கூட இதை விடலை. பத்திரமா எடு."

அன்று மாலை மூன்று மணிக்கு விசாரணை. டன்மோர் முனையின் கடற்கரை நிலம் யாருக்கு என்று இழப்பீட்டுக் குழு முடிவு சொல்லப் போகிற நாள்.

அந்த மண்ணில்தான் மங்கின் குடும்பத்து முன்னோர்கள் அடிமைகளாய்ப் பருத்தி பறித்தார்கள். விடுதலை வந்ததும் அதே மண்ணைக் காசு கொடுத்து வாங்கினார்கள். 1942-ல் விமானதளம் கட்ட வேண்டும் என்று அரசு வந்தது. இரண்டு வாரக் கெடு. கெடு முடிவதற்குள்ளேயே வீடுகளுக்குத் தீ!

போர் முடிந்ததும் திருப்பித் தருவோம் என்றார்கள். போர் முடிந்தது. நிலம் பல கைகளுக்குப் போனது. கறுப்புக் கைகளுக்கு மட்டும் வரவில்லை.

எண்பது வருஷம் கழித்து இப்போது தருகிறார்கள். ஒரே நிபந்தனை... உன் முன்னோர் அங்கே புதைக்கப்பட்டிருப்பதை நீ நிரூபிக்க வேண்டும்.

அங்கே எந்தக் கல்லறையிலும் பெயர் இல்லை.

"லெப்டினன்ட்... உள்ளே வரலாமா?"

போலீஸ் நாடாவுக்கு வெளியே ஒருவன் நின்றான். கறுப்பன். நாற்பது வயது, சாம்பல் கோட்டு, பளபளக்கும் காலணி.

"நீங்க?"

"லாமான்ட் பெய்ஸ்டன். அட்லாண்டா. இந்த நிலத்துக்கு லூதரும் நானும் ரெண்டே பேர்தான் பாத்தியம் கேட்டிருக்கோம். என் கொள்ளுத்தாத்தா அதோ... அந்த ஓரத்துல படுத்திருக்கார்."

கைகாட்டிய இடத்தில் ஒரு மேடு. மேலே பழைய தட்டுகள், கோப்பைகள், ஒரு தண்ணீர்க் குடுவை, நின்றுபோன கடிகாரம்.

"ரெண்டு பேரும் நிரூபிச்சா?"

"ஆளுக்குப் பாதி."

"லூதர் நிரூபிக்கலைன்னா முழுசும் உங்களுக்கு."

லாமான்ட் சிரிக்கவில்லை. "சந்தேகப்படறது உங்க வேலை. ஆனா பக்கத்து கடற்கரை விடுதி முதலாளி ஹாலோவே போன வாரம் கூட்டத்துல என்ன சொன்னார்னு ஊருக்கே தெரியும். 'நான் உயிரோட இருக்கறவரைக்கும் இந்த மண்ணுல ஒரு கைப்பிடிகூட உங்களுக்குக் கிடையாது'ன்னார்."

ஒடெஸாவின் செல்போன் அலறியது.

கேட்டாள். முகம் மாறியது.

"வண்டியை எடு க்வின்டன். லூதரோட தங்கச்சி துப்பாக்கியோட ஹாலோவே விடுதிக்குள்ளே நுழைஞ்சிட்டாங்களாம்!"

விடுதியின் வரவேற்பறைக் கண்ணாடி முழுக்கத் தரையில் கிடந்தது. விருந்தாளிகள் நீச்சலுடையோடு வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே ஹாலோவே. வெள்ளைத்தோல், வெளுத்த தலை. மேஜைக்கடியில் சுருண்டிருந்தார். காதில் ரத்தம் கொட்டியது.

அவருக்கு நேரே இரட்டைக் குழல் துப்பாக்கி. பிடித்திருந்தவள் வெர்டெல் மங்கின். இறால் உரிக்கும் தொழிற்சாலையின் ரப்பர் பூட்ஸ்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"அக்கா... துப்பாக்கியைக் கீழே வைங்க."

"கிட்ட வராதே ஒடெஸா. முதல் குண்டு காதோட போச்சு. ரெண்டாவது தப்பாது."

"இவ பைத்தியக்காரி! சுட்டுத் தள்ளுங்க லெப்டினன்ட்!" ஹாலோவே கத்தினார்.

"சும்மா இருங்க சார். இன்னும் ஒரு காது மிச்சமிருக்கு."

வெர்டெல் குழலை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "எங்க அண்ணனை நாய் மாதிரி அடிச்சுப் போட்டிருக்கான்..."

"இவரைச் சுட்டா நீங்க ஜெயிலுக்குப் போவீங்க. மூணு மணிக்குக் குழுவுக்கு முன்னாடி மங்கின்னு சொல்லிக்க யாரு நிப்பா? ஆள் வரலைன்னு எழுதி மூடிடுவாங்க. அதுக்கா உங்கண்ணன் செத்தார்?"

வெர்டெலின் விரல் விசையை விட்டு விலகியது.

துப்பாக்கி மெல்லத் தாழ்ந்தது. க்வின்டன் பாய்ந்து வாங்கிக் கொண்டான்.

ஒடெஸா பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். "இது என்னன்னு தெரியுதா?"

நீலப் பூவைப் பார்த்ததும் வெர்டெல் உடைந்து அழுதாள்.

"தாத்தா சாப்பிட்ட தட்டு. அவரைப் புதைச்ச அன்னிக்கு உடைச்சு மேல வச்சாங்க. ஊரை விட்டுத் துரத்தினப்ப அப்பா ஒரே ஒரு சில்லை மட்டும் எடுத்துட்டு வந்தார். மீதி இன்னும் கல்லறை மேலதான் கிடக்கு. ரெண்டையும் பொருத்திக் காட்டினாப் போதும்னு அண்ணன் காலையில எடுத்துட்டுப் போனான்..."

"நல்ல தட்டை எதுக்கு உடைக்கணும்?" என்றான் க்வின்டன். அவன் வடக்கே மலைப்பக்கத்துக்காரன்.

"முழுசா வச்சா, செத்தவர் வீட்டுல அடுத்த ஆளையும் கூட்டிக்கிட்டுப் போவார்டா. உடைச்சாத்தான் அந்தச் சங்கிலி அறும். இந்தக் கரையில எந்த..."

ஒடெஸா பாதியில் நிறுத்தினாள்.

கண்கள் சுருங்கின.

"அக்கா, நீங்களும் வண்டியில ஏறுங்க. க்வின்டன்... ஒரு கடப்பாரை எடுத்துக்கோ."

இடுகாட்டில் லூதரின் உடல் அகற்றப்பட்டிருந்தது. வெர்டெல் மண்டியிட்டு, தாத்தாவின் கல்லறை மேலிருந்த உடைந்த தட்டில் சில்லைப் பொருத்தினாள்.

அச்சாகப் பொருந்தியது.

"வாழ்த்துகள்" என்றான் லாமான்ட். அவன் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். "அப்ப ஆளுக்குப் பாதி."

ஒடெஸா அவனுடைய கொள்ளுத்தாத்தாவின் மேட்டருகே போனாள். தட்டுகளைத் தட்டிப் பார்த்தாள். கோப்பைகளைப் புரட்டினாள். குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள்.

"அருமையான சாமான்கள் மிஸ்டர் பெய்ஸ்டன். ஒரு கீறல்கூட இல்லை."

"எங்க குடும்பம் எதையும் பத்திரமா வச்சிருக்கும்."

"இந்தக் கரையில பொறந்த எவனும் கல்லறை மேல முழுத் தட்டை வைக்க மாட்டான். பழம்பொருள் கடையில வாங்கி அடுக்கினவன்தான் வைப்பான். மண்ணு வேற மெத்துமெத்துன்னு இருக்கே... க்வின்டன், தோண்டு."

"கல்லறையைத் தோண்டறது பாவம் லெப்டினன்ட்!"

"கொலையைவிடச் சின்னப் பாவம்தான்."

க்வின்டன் கடப்பாரையை ஓங்கினான்.

டுமீல்!

அவன் தோளைப் பிய்த்துக்கொண்டு குண்டு போனது. சுருண்டு விழுந்தான். லாமான்ட்டின் கையில் கறுப்புத் துப்பாக்கி புகைந்தது. அடுத்த நொடி அவன் இடதுகை வெர்டெலின் கழுத்தை வளைத்தது.

"துப்பாக்கியைத் தூக்கிப் போடு ஒடெஸா. இல்லைன்னா இவளும் அண்ணன்கிட்டயே போவா."

ஒடெஸா போட்டாள்.

வெர்டெலின் முகம் நீலம் பாரித்தது. கால் நழுவியது. விழுந்துவிடாமல் கை அந்த மேட்டைத் துழாவியது... குடுவையின் கழுத்து விரல்களில் சிக்கியது.

சுழற்றி அடித்தாள்!

குடுவை அவன் நெற்றியில் வெடித்தது. கண்ணிமை கிழிந்து ரத்தம் பீறிட்டது. அலறிக்கொண்டு பின்வாங்கினான். ஒடெஸா தரையோடு உருண்டு துப்பாக்கியை எடுத்துச் சுட்டாள். முழங்கால் சிதறியது.

வெர்டெல் மூச்சு வாங்கினாள். "இப்பத்தான் சரியா உடைஞ்சிருக்கு."

க்வின்டன் ஒற்றைக் கையால் கடப்பாரையை எடுத்தான். இரண்டடி ஆழத்தில் துணி தட்டுப்பட்டது.

பிறகு ஒரு விரல். பழைய எலும்பு இல்லை. அழுக ஆரம்பித்திருந்த விரல்!

பிணத்தின் பாக்கெட்டிலிருந்த பர்ஸைத் திறந்து ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்த ஒடெஸா, தரையில் துடித்தவனிடம் திரும்பினாள்.

"லாமான்ட் பெய்ஸ்டன், அட்லாண்டா. நிஜமான லாமான்ட் இங்கே இருக்கார்... அப்ப நீ யாரு?"

"நா... நாடக நடிகன். அந்த ஆளு தனிக்கட்டை. நிலம் கிடைச்சாலும் விக்க மாட்டேன்னுட்டான். அவனைக் கொன்னு புதைச்சு, அதையே கொள்ளுத்தாத்தா கல்லறையா ஜோடிக்கச் சொன்னார். என்னை அவனா நடிக்கச் சொன்னார். நிலம் என் பேருக்கு வந்ததும் அவருக்கு எழுதிக் கொடுக்கணும். இன்னிக்குக் காலையில லூதர் புதுசாக் கிளறின மண்ணைப் பார்த்துட்டான்..."

"யாரு சொன்னது?"

"ஹாலோவே. கறுப்பனுக்குக் கறுப்பனே வில்லன்னா யாரும் தன்னைத் தேட மாட்டாங்கன்னார். காலையில நீங்க என்னைச் சந்தேகப்பட்டதும் பயத்துல அவர் பக்கமே கையைக் காட்டிட்டேன்."

"பெய்ஸ்டன் ஒருத்தர் இங்கே புதைஞ்சிருக்கார்னு குழுகிட்ட எழுதிக் கொடுத்தியே... அது ஒண்ணுதான் நீ சொன்ன உண்மை."

மூன்று மணிக்கு இழப்பீட்டுக் குழு இடுகாட்டுக்கே வந்தது. தலைவி அந்த நீலத் தட்டை இரண்டு கைகளாலும் தொட்டுப் பார்த்தார். வேறு கேள்வி கேட்கவில்லை. டன்மோர் முனை மங்கின் குடும்பத்துக்குத் திரும்பியது.

அதே நேரத்தில் ஹாலோவே, காதில் கட்டும் கையில் விலங்குமாக ஷெரீஃப் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்.

வெர்டெல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பார்த்தியா ஒடெஸா? காலையில நான் குறி வச்சது சரியான ஆளைத்தான்."

"ஆமாக்கா. கொஞ்சம் அவசரப்பட்டுத்தான் தடுத்துட்டேன்."

"என் துப்பாக்கியை உங்க சர்க்கார் எப்பத் திருப்பித் தரும்?"

ஒடெஸா வண்டிக் கதவைச் சாத்தினாள்.

"கேஸ் முடியட்டும்க்கா. இதுக்கு எண்பது வருஷமெல்லாம் ஆகாது."