வெள்ளை மட்டும் சாப்பிட்ட தம்பி

தம்பி அவித்த முட்டையை இரண்டாகப் பிளந்தான். மஞ்சள் கருவைக் கரண்டியால் தோண்டியெடுத்து அக்காவின் தட்டில் வைத்தான். வெள்ளையை மட்டும் வாயில் போட்டுக்கொண்டான்.

"ஏன்டா, மஞ்சக்கருன்னா உனக்கு உசுராச்சே?" என்று கேட்டாள் அக்கா.

"இப்ப இல்ல."

அத்தோடு பேச்சு முடிந்தது.

அக்காவுக்குப் பத்து வயது. ஓயாமல் பேசுவதால் அப்பா அவளுக்குச் சில்வண்டு என்று பெயர் வைத்திருந்தார். தம்பிக்கு ஆறு வயது. பேச்சில் அவன் மகா சிக்கனம். அவனுடைய பங்கையும் சேர்த்து அக்காவே பேசித் தீர்த்துவிடுவாள்.

ஆனால் அன்று சில்வண்டு பேசவில்லை. தம்பியின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டியின் பழுப்பு ஓரங்களைப் பிய்த்து ஒதுக்கியிருந்தான். காய்கறி சூப்பைத் தொடவே இல்லை. கேரட் துண்டுகள் தட்டின் ஓரத்தில் தள்ளப்பட்டுக் கிடந்தன.

தம்பி, நெஞ்சில் சளி கட்டிக் கடுமையான காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் படுத்திருந்துவிட்டு இப்போதுதான் வீடு திரும்பியிருந்தான். காய்ச்சல் போய்விட்டது. ஆனால் வயிற்றுவலி வந்து ஒட்டிக்கொண்டது. வயிறு கல் மாதிரி இறுகிக் கிடந்தது. கழிவறைக்குள் போனால் அழுதுகொண்டே வெளியே வந்தான். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவியது.

அன்று காலையில் டாக்டரம்மா சொன்னதைச் சில்வண்டு பக்கத்திலேயே நின்று கேட்டிருந்தாள். தம்பி அப்பாவோடு வெளியே இருந்தான்.

"காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து கொஞ்சம் கடுமையானது. குடுக்காம இருந்திருக்கவும் முடியாது. ஆனா அது நோய்க் கிருமியோட சேர்த்து வயித்துல இருந்த நல்ல கிருமிங்களையும் நிறைய விரட்டியிருக்கும். கீரை, பருப்பு, காய், பழம், தயிர்னு கலந்து சாப்பிட்டா அதெல்லாம் மறுபடி பெருகும். வெறும் ரொட்டியும் பாலும் போதாது. அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க. எடை இன்னும் இறங்கினா மறுபடி இங்க படுக்க வச்சுத்தான் பார்க்கணும்."

மறுபடியுமா? தம்பி ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வீடு வீடாகவே இல்லை. அவன் கட்டில் காலியாகக் கிடந்தது. சில்வண்டு பேசினால் "ம்" கொட்டவும் ஆளில்லை.

அம்மா கெஞ்சிப் பார்த்தாள். அப்பா கேரட் துண்டை விமானமாக ஓட்டிப் பார்த்தார். விமானம் தரையிறங்க இடமில்லாமல் திரும்பி வந்தது. சில்வண்டு அவித்த பீன்ஸை மசித்து ரொட்டிக்கு நடுவில் ஒளித்து வைத்தாள். தம்பி சோதனைச் சாவடி அதிகாரி போல ரொட்டியைத் திறந்து பார்த்தான்.

"உள்ள பச்சை இருக்கு," என்று சொல்லிவிட்டு மூடி வைத்தான்.

அடுத்த நாள் ஓர் ஆப்பிளைத் தோல் சீவிக் கொடுத்தாள். ஆச்சரியம்! கடித்தான். ஆனால் கடித்த இடம் கொஞ்ச நேரத்தில் பழுப்பாக மாறியதும், கையைச் சுட்டது போலக் கீழே வைத்துவிட்டான்.

அப்போதுதான் சில்வண்டுக்குப் பொறிதட்டியது. பால், ரொட்டி, முட்டை வெள்ளை, சர்க்கரை. இவன் பசியில்லாமல் ஒதுக்கவில்லை. நிறம் பார்த்து ஒதுக்குகிறான்!

அம்மாவும் அப்பாவும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் போர்வைகளும் அங்கேதான் வெளுக்க வரும். அம்மா கறை நீக்கும் பிரிவுக்குத் தலைவி. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் இருவரும் நேராக அங்கே போய்விடுவார்கள்.

அன்று சாயங்காலம் காயப்போட்ட விரிப்புகளுக்கு நடுவே தம்பியை உட்காரவைத்தாள் சில்வண்டு.

"உண்மையைச் சொல்லு. நிறமா இருக்கிறதை ஏன் சாப்பிட மாட்டேங்கிற?"

தம்பி கால் விரலைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"வயித்துல கறை படியும்."

"யாருடா சொன்னது?"

"அம்மாதான் தினமும் சொல்றாங்களே. கறை இருந்தா அதுல கிருமி குடியேறிடும்னு."

"அது துணிக்குடா!"

"நீதானே சொன்ன, என் வயித்துக்குள்ள கோடிக்கணக்குல கிருமி இருக்குன்னு? கறை இல்லன்னா அதுங்களுக்குச் சாப்பாடு இருக்காது. பட்டினி கிடந்து செத்துடும்."

ஆமாம், சில்வண்டுதான் சொன்னாள். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, வகுப்பில் கேட்டதை அப்படியே வந்து ஒப்பித்தாள். அவன் கண்ணை அகல விரித்துப் பயந்தது பார்க்க வேடிக்கையாக இருந்ததால், மிச்சப் பாடத்தைச் சொல்லாமலே சிரித்துக்கொண்டு ஓடிவிட்டாள். அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

"அதுல நல்ல கிருமியும் இருக்குடா," என்றாள்.

"நல்ல கிருமின்னு ஒண்ணு கிடையாது. நல்ல திருடன்னு யாராவது இருக்காங்களா?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து கிருமியை ஒழிக்கும் வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு வாயால் சொன்னால் போதாது. கண்ணால் காட்ட வேண்டும். எதைக் காட்டுவது? சில்வண்டு யோசித்தாள். சலவைக்கூடத்தின் பின்பக்கத்திலிருந்து காற்று ஊதும் இயந்திரத்தின் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"எழுந்திரு. அப்பாகிட்ட போகலாம்."

பின்பக்கம் இருந்த பெரிய தொட்டிதான் அப்பாவின் பொறுப்பு. துவைத்த அழுக்குத் தண்ணீர் முழுவதும் அங்கே வந்து சேரும். தொட்டிக்குள் பழுப்பு நிறத் தண்ணீர் குமிழி விட்டுப் புரண்டுகொண்டிருந்தது. தம்பி அதன் பக்கமே வந்ததில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"கையை எடுத்துட்டு மோந்து பாரு," என்றாள் சில்வண்டு.

தயங்கித் தயங்கி மூக்கைத் திறந்தான். நாற்றம் இல்லை. மழையில் நனைந்த மண்ணின் வாசனைதான் வந்தது.

"அப்பா, இதுலேருந்து ஒரு ஜாடி எடுத்துத் தர்றீங்களா?"

அப்பா தினமும் செய்கிற வேலைதான் அது. கண்ணாடி ஜாடியில் தண்ணீரை மொண்டு திண்டின் மேல் வைத்தார். மூவரும் அதன் முன்னால் குந்தினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பெல்லாம் பஞ்சு பஞ்சாகத் திரண்டு கீழே இறங்கியது. மேலே தெளிந்த தண்ணீர் நின்றது.

"தண்ணி சுத்தமாயிடுச்சு!" என்றான் தம்பி.

"அந்த அழுக்கைத் தின்னது யார் தெரியுமா? கீழே உக்காந்திருக்கே, அந்தப் பழுப்பு. அது முழுக்கக் கிருமி," என்றாள் சில்வண்டு.

தம்பி துள்ளியெழுந்து அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"அப்பா! நீங்க கிருமி வளக்குறீங்களா? அம்மாவுக்குத் தெரியுமா?"

அப்பா சிரித்தார். "நல்லாத் தெரியும். அம்மா முன்பக்கம் ஒழிக்கிறாங்க, நான் பின்பக்கம் வளக்கிறேன். எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்ல."

சில்வண்டு பேச்சைப் பிடித்துக்கொண்டாள். "போன மழைக்காலத்துல இந்தத் தெருவே நாறிச்சே, ஞாபகம் இருக்கா? புதுசா வேலைக்கு வந்த அண்ணன், கிருமியைக் கொல்லுற பிளீச்சை ஒரு கேன் பூரா தெரியாம இந்தத் தொட்டிக்கு வர்ற கால்வாயில கொட்டிட்டார். தொட்டியில இருந்ததெல்லாம் செத்துப்போச்சு. அழுக்கைத் தின்ன ஆளில்லாம எல்லாம் அழுகிப்போச்சு. உனக்குக் குடுத்த மருந்தும் அப்படித்தான். நெஞ்சுல இருந்த கெட்ட கிருமியை ஒழிக்க அது வேணும்தான். ஆனா வயித்துல வேலை செஞ்சிட்டிருந்த நல்லதுங்களுக்கும் அடி விழுந்திருச்சு."

தம்பி மெல்ல முன்னால் வந்தான். "அப்புறம் தொட்டி எப்படி நல்லாச்சு?"

"அப்பா வேற ஒரு தொட்டியிலேருந்து கொஞ்சம் கிருமிச் சேறு கொண்டு வந்து விட்டார். மாவைக் கரைச்சு ஊத்திச் சாப்பாடு போட்டார். இப்பவும் சலவைக்கூடத்துக்கு லீவு விட்டா அழுக்கு வராதுல்ல? அன்னைக்கும் மாவு கரைச்சு ஊத்துவார்."

"எதுக்கு?"

"பட்டினி கிடக்கக் கூடாதுல்ல!"

தம்பி கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டான். "என்னோடதுங்க என்ன சாப்பிடும்?"

சில்வண்டு அன்று சொல்லாமல் விட்ட மிச்சப் பாடத்தைச் சொன்னாள். "கீரை, பீன்ஸ், பழம் இதுலெல்லாம் நார் இருக்கும். நம்மால அதைச் செரிக்க முடியாது. அது நேரா கீழ குடலுக்குப் போகும். அதுங்களுக்கு அதுதான் விருந்து. வெள்ளை ரொட்டி மேலயே செரிச்சுப் போயிடும். கீழ ஒண்ணும் மிஞ்சாது."

"ஒண்ணும் மிஞ்சலன்னா?"

குடல் சுவரைக் காக்கிற வழவழப்பான படலத்தையே அவை தின்னத் தொடங்கிவிடும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அது சில்வண்டின் நாக்கு நுனி வரை வந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அப்படியே விழுங்கிவிட்டாள்.

"பசியோட காத்துக்கிட்டு இருக்கும்டா," என்றாள்.

தம்பி ஜாடிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஆஸ்பத்திரியில ஒரு நாள் பூரா எனக்கு ஒண்ணுமே குடுக்கல," என்றான். "ரொம்பப் பசிச்சுது. கேட்டாலும் குடுக்கல." பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு, "பாவம்," என்றான்.

அன்றைய சாப்பாட்டில் அவன் ஒரு பீன்ஸைக் கையில் எடுத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு மென்றான். விழுங்கிவிட்டுக் குனிந்து வயிற்றைப் பார்த்து, "வருது, பிடிச்சுக்கோங்க," என்றான்.

யாரோடு பேசுகிறான் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. ஆனால் கண் கலங்கிவிட்டது. அப்பா அவசரமாகத் தண்ணீர் குடித்தார். தம்பி கிண்ணத்தையே இழுத்துக்கொண்டபோது சில்வண்டுதான் தடுத்தாள்.

"ஒரேயடியா கொட்டினா தொட்டி நுரைச்சுக்கும். இன்னைக்குக் கொஞ்சம், நாளைக்கு இன்னும் கொஞ்சம்."

மறுநாள் சூப், அதற்கடுத்து கேரட், தயிர், பருப்பு என்று தட்டில் நிறம் கூடிக்கொண்டே வந்தது. மஞ்சள் கரு தன் பழைய இடத்துக்கே திரும்பியது. ஒரு நாள் காலை தம்பி கழிவறையிலிருந்து சிரித்துக்கொண்டு ஓடிவந்து வீட்டிலிருந்த எல்லோருக்கும் செய்தி சொன்னான். தெருவுக்கும் சொல்லப் போனவனை அம்மாதான் பிடித்து நிறுத்தினாள்.

வாரம் முடிந்தது. டாக்டரம்மாவின் அறையில் தம்பி எடை பார்க்கும் கருவியின் மேல் ஏறி நின்றான். டாக்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். அறையில் சத்தமே இல்லை.

"புர்ர்ர்..."

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. சில்வண்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். தம்பி மட்டும் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"அது நான் இல்ல டாக்டர். அதுங்க. வேலைக்கு வந்துடுச்சுங்க."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "ஆமா, நாரைத் தின்னா அதுங்க காத்து விடத்தான் செய்யும். எடையும் கொஞ்சம் ஏறியிருக்கு. இங்க படுக்க வேண்டாம். எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

வெளியே வந்ததும் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடை முன்னால் நின்று, "சொல்லுடா கண்ணா, என்ன வேணும்? எது கேட்டாலும் வாங்கித் தர்றேன்," என்றாள்.

தம்பி யோசித்தான். "எனக்கா, அதுங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

அவனுக்கு ஓர் ஐஸ்கிரீமும் அவற்றுக்கு ஒரு கொய்யாப்பழமும் வாங்கினார்கள். ஐஸ்கிரீம் உருகத் தொடங்கியிருந்தது. தம்பி அதை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுக் கொய்யாவைத் தோலோடு கடித்தான்.

"உருகுதுடா! முதல்ல இதைச் சாப்பிடு," என்று கத்தினாள் சில்வண்டு.

"இரு அக்கா," என்றான் தம்பி, வாய் நிறையக் கொய்யாவோடு. "அதுங்க ரொம்ப நாளாப் பசியோட இருந்துச்சுங்க."