ஜாடியில் வரைந்த துணை

ஏதென்ஸின் குயவர் தெருவில் பத்து வருடமாக ஜாடிகளில் படம் வரைகிறேன். சிரித்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் வரைவேன், அழுதுகொண்டு வருகிறவர்களுக்கும் வரைவேன். தெயானோ அழக்கூட இல்லை. முக்காட்டை விலக்காமல் பட்டறை வாசலில் நின்றாள்.

“மகனுக்கு ஒரு ஜாடி வேணும்ணே. இந்தப் பூத்திருவிழாவுக்கு அவனுக்கு மூணு வயசு ஆகியிருக்கும்.”

ஆகியிருக்கும் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று வயதுப் பிள்ளைக்குத் திருவிழாவில் பூமுடி சூட்டி, கையில் குட்டி ஜாடி கொடுப்பது எங்கள் வழக்கம். அதற்குள் போய்விட்ட பிள்ளைக்கு ஜாடியைப் புதைகுழியில் வைப்போம்.

“அவன் தனியா விளையாடவே மாட்டான். கூட ஒரு பிள்ளையையும் வரைஞ்சிடுங்க.”

சிறுவன் பொம்மை வண்டி இழுக்கிறான், எதிரே ஒரு சிறுமி கை நீட்டுகிறாள். அப்படித்தான் வரைந்தேன். சூளையிலிருந்து எடுத்த குயவன் தெமியாஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அடேய், இது உன் மக ஃபிலின்னா இல்ல? அதே சுருட்டை, அதே தொப்பை! செத்த பிள்ளைக்குத் துணையா பெத்த பிள்ளையையா அனுப்புவே? கையில இருக்கிற வித்தை தலையில இல்லையேடா!”

வரைந்தபோது அவள் என் காலடியில்தான் விளையாடிக்கொண்டிருந்தாள். கை தானாக அவளை வரைந்துவிட்டது. சுட்ட ஜாடியில் எதையும் அழிக்க முடியாது. உடைத்திருக்கலாம். ஆனால் படம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அந்தக் கர்வத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டேன். இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

திருவிழா நாட்களில் செத்தவர்கள் ஊருக்குள் நடமாடுவார்கள். அவர்கள் வீட்டுக்குள் வராமலிருக்க எல்லோரையும் போல நாங்களும் கதவில் தார் பூசினோம். ஃபிலின்னாவுக்கும் அந்த வருடம்தான் மூன்று வயது. பூமுடியோடு முற்றத்தில் விளையாடினாள்.

கடைசி நாள் மதியம் முற்றத்தில் ஈரமண் வாடை அடித்தது. மழை பெய்யவில்லை.

ஃபிலின்னா தேன் பணியாரத்தை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைப் பக்கத்தில் வைத்தாள்.

சற்றுக் கழித்துப் பார்த்தேன். அது இல்லை.

“யாருக்குடி வச்ச?” என் மனைவி ஆர்க்கிப்பே கிசுகிசுத்தாள்.

“அவனுக்கு.”

மகளைத் தொட்டேன். உடம்பு சில்லிட்டிருந்தது.

பொழுது சாய்ந்ததும் தெருவில் வீட்டுக்கு வீடு கூச்சல் எழுந்தது. விழா முடியும்போது ஆவிகளை விரட்டும் கூச்சல் அது. அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் போய்விட்டால் என் மகள் பிழைத்துவிடுவாள். தொண்டை கிழியக் கத்தினேன்.

“வெளிய போங்க ஆவிகளே! திருவிழா முடிஞ்சுது!”

ஃபிலின்னா எழுந்தாள்.

கதவை நோக்கி நடந்தாள். யாரோ பிடித்திருப்பது போல அவளது இடது கை நீண்டிருந்தது.

ஆர்க்கிப்பே அலறினாள். நான் பாய்ந்து மகளைத் தூக்கிக்கொண்டேன்.

“எங்கடி போற?”

“நீங்கதானேப்பா எங்களைப் போகச் சொன்னீங்க?”

“வேண்டாம்! யாரும் எங்கயும் போக வேண்டாம்! இங்கயே இரு, என் கண்ணு!”

அவள் உடம்பு மெல்லச் சூடேறியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் என் தோளில் சாய்ந்து, என் முதுகுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள்.

“அப்பா நம்மள இருக்கச் சொல்லிட்டாரு.”

பின்னாலிருந்து ஒரு சின்னக் கை என் ஆடையைப் பிடித்துக்கொண்டது.