அடியில் போட்ட பைப்

டாங்கிக்குத் தண்ணி வரும் ஊற்றுப் பைப் நேற்றிலிருந்தே காய்ந்து கிடக்கிறது. சோற்றுக்கும் துணிக்கும் எடுத்தது போக டாங்கித் தண்ணி இறங்கியிருக்க வேணும். இறங்கவில்லை, காலையில் பார்த்ததை விட ரெண்டு விரல் ஏறி, வழிய ஒரு விரல் இருக்க நின்றது. மூடியைத் தூக்கிப் பிடித்திருந்த ராஜேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இங்க வந்து பாருங்க!” புசல்லாவைப் பக்கம் பல வீடுகளுக்கும் போல அவர்களுக்கும் டாங்கி வீட்டுக்கு மேலே, மேட்டில். கத்தினால்தான் கீழே கேட்கும்.

“வெயிலுக்குப் பொங்கியிருக்கும், புள்ள,” என்றான் புருஷன் வீரய்யா, விறாந்தைக் கதிரையை விட்டு எழும்பாமல்.

பொங்குதாம்! பாலா இது? எல்லாம் இந்த மனுசன் பார்த்த வேலை. பூட்டிக் கிடந்த வீட்டின் சொந்தக்காரர் பழைய டாங்கியைச் சும்மா கொடுத்தாராம், தூக்கிட்டுப் போனால் போதும் என்று கும்பிட்டாராம், இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கி வந்து, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், நல்ல டாங்கியோடு அடியில் பைப் போட்டு இணைத்துவிட்டார். அன்றிலிருந்து தண்ணியில் ஈரத் தலைமயிர் வாடை. ஆறு வயசு மகள் நிலுஷி குழாயில் காதை வைத்துச் சிரிக்கிறாள். பிள்ளைக்கு ஏதும் ஆகட்டும், அப்புறம் இருக்கு இவருக்கு.

அடியில் இணைத்தால் ரெண்டும் ஒரே மட்டம். அன்றைக்கு வீரய்யாதான் பீற்றிக்கொண்டான்: “அதுல ஒரு கல்லைப் போட்டாலும் இதுல ஏறும்.”

அப்படியானால் அதற்குள் என்ன இறங்கியிருக்கிறது?

பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணி இறங்கியது. ரெண்டு விரல். சத்தமில்லாமல்.

திரும்பினாள். மற்ற டாங்கியின் மூடி தரையில். சீமெந்தில் ஈரக் காலடி. முன்படி வழியாக வீட்டுக்கு.

“நிலுஷி!”

பின்பக்கச் சரிவில் சறுக்கி, விழுந்து, எழும்பி ஓடினாள். குசினியில் இல்லை. கட்டிலில் இல்லை.

“பிள்ளை எங்க?”

வீரய்யா அவளை ஏற இறங்கப் பார்த்தான். “என்ன கேள்வி இது? இப்பதானே நீ வந்து கையைப் பிடிச்சு முன்படியால மேல கூட்டிட்டுப் போன? தலை முழுகிட்டு, முடியைக்கூடத் துவட்டாம...”

“கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு!”

மேட்டில் சளசளவென்று சத்தம். ரெண்டு டாங்கியும் ஒரே நேரத்தில் வழிந்தன.